செவிலியர் ஊதியம்: ஒரே படிப்பு, நான்கு மதிப்பு

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில்தான் உலக செவிலியர் நாளும் வருகிறது. மே 12 அன்று மருத்துவமனைகளில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் படத்துக்கு மாலை அணிவித்து, மெழுகுவத்தி ஏற்றி, செவிலியர்கள் உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களது தியாகத்தைப் போற்றி தலைவர்கள் வாழ்த்துச் செய்தி வெளியிடுகிறார்கள். அதே நாட்களில் தமிழகத்தின் ஆயிரக்கணக்கான வீடுகளில், மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'நர்சிங் சேர்த்தால் பிள்ளைக்கு நல்ல சம்பளம் கிடைக்குமா?'

சேவை மனப்பான்மை பற்றிய உரைகளுக்கு நடுவே இந்தக் கேள்வி சற்றுச் சங்கடமாகத் தோன்றலாம். ஆனால், கடன் வாங்கிப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கு இதைவிட நியாயமான கேள்வி வேறில்லை. இதற்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் பதில் கூற முடியாது என்பதுதான் இந்தத் தொழிலின் சிக்கல். செவிலியரின் ஊதியத்தை அவரது படிப்போ, திறமையோ, அனுபவமோ தீர்மானிப்பதில்லை. அவர் எந்த வாசலுக்குள் நுழைகிறார் என்பதுதான் தீர்மானிக்கிறது.

நான்கு ஆண்டு பி.எஸ்ஸி. நர்சிங் படித்து, மாநில செவிலியர் மன்றத்தில் பதிவு செய்துகொண்ட நான்கு தோழியரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் புதுச்சேரி ஜிப்மர் போன்ற மத்திய அரசு நிறுவனத்தில் செவிலிய அலுவலராகச் சேர்கிறார். ஏழாவது ஊதியக் குழுவின்படி அவரது தொடக்க அடிப்படை ஊதியம் மட்டும் ரூ.44,900, அகவிலைப்படியும் பிற படிகளும் தனி. இரண்டாமவர் மாநில அரசு மருத்துவமனையில் ஒப்பந்த முறையில் சேர்ந்து, ரூ.18,000 தொகுப்பூதியம் பெறுகிறார். மூன்றாமவர் மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள 40 படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனைக்குச் செல்கிறார். அங்கே பத்து, பன்னிரண்டாயிரம் ரூபாயில் தொடங்குவது அரிதல்ல. நான்காமவர் பிரிட்டன் சென்று அந்நாட்டின் தேசிய நலவாழ்வுப் பணியில் சேர்கிறார். 2025-26ஆம் ஆண்டு இங்கிலாந்தில் புதிதாகச் சேரும் செவிலியருக்கு நிர்ணயிக்கப்பட்ட ஆண்டு ஊதியம் 31,049 பவுண்டு. வாழ்க்கைச் செலவு அங்கே மிக அதிகம் என்றாலும், நம் நாணய மதிப்பில் அது ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது.

நால்வரும் ஊசி போடுவது ஒரே முறையில்தான். இரவுப் பணியில் கண் விழிப்பதும் ஒரே மாதிரிதான். ஒரு நிறுவனத்தின் ஊதியமும் இன்னொன்றின் ஊதியமும் சற்று வேறுபடுவது எந்தத் தொழிலிலும் இயல்பு. ஆனால், ஒரே படிப்புக்கு ஒரே மாநிலத்துக்குள் நான்கு மடங்கு வேறுபாடு நிலவுவதை வெறும் சந்தையின் விளைவு என்று சொல்லிவிட முடியாது. அரசுகளும் நிர்வாகங்களும் எடுத்த முடிவுகளே அதை உருவாக்கியிருக்கின்றன.

முதலில் அரசின் முடிவைப் பார்ப்போம். மருத்துவத் துறைக்கான பணியாளர்களைத் தேர்வு செய்யத் தமிழக அரசு 2012இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தை அமைத்தது. போட்டித் தேர்வு, தகுதிப் பட்டியல், இடஒதுக்கீடு என எல்லாம் முறையாக நடைபெற வேண்டும் என்பது அதன் நோக்கம். 2015இல் 7,243 செவிலியர் பணியிடங்களுக்கு வாரியம் தேர்வு நடத்தியது. ஆனால், தேர்வில் வென்றவர்களுக்குக் கிடைத்தது மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் ஒப்பந்தப் பணி. இரண்டு ஆண்டுகள் முடிந்தால் காலமுறை ஊதியத்துக்குள் கொண்டுவரப்படுவோம் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் பணியில் சேர்ந்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் கடந்தன. 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தச் செவிலியர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு போராட்டம் முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் தொகுப்பூதியம் ரூ.14,000, ரூ.18,000 எனப் படிப்படியாக உயர்ந்தது. காலியிடம் ஏற்பட ஏற்பட ஒரு பகுதியினர் நிரந்தரமாக்கப்பட்டார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். கரோனா காலத்தில் அவசரமாகப் பணியமர்த்தப்பட்ட சுமார் 2,400 செவிலியர்களின் ஒப்பந்தமோ 2022 டிசம்பர் 31உடன் நீட்டிக்கப்படாமல் நின்றது. 2020 மார்ச்சில் நாடே கைதட்டிப் பாராட்டியவர்களின் வரிசையில் அவர்களும் இருந்தார்கள். 2023 புத்தாண்டில் அவர்கள் சாலையில் அமர்ந்து போராட நேர்ந்தது.

நிதி நெருக்கடியையும், நிரந்தரப் பணியிடங்களுக்கான ஓய்வூதியச் சுமையையும் அரசுத் தரப்பு காரணமாகச் சொல்லும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், தற்காலிகப் பணியாளர் என்பதற்காகவே ஒருவருக்கு ஊதியத்தைக் குறைக்கக் கூடாது; நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்பவருக்கு அந்தப் பணிக்கான ஊதிய விகிதத்தின் தொடக்க நிலையாவது தரப்பட வேண்டும் என்று 2016 அக்டோபரில் ஜக்ஜீத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. மேலும், அரசு மருத்துவமனையே 18 ஆயிரம் ரூபாய்க்குச் செவிலியரை அமர்த்தும்போது, தனியார் மருத்துவமனை அதைவிடக் குறைவாகத் தருவதற்கு வேறு நியாயம் தேட வேண்டியதில்லை. அரசு தரும் ஒப்பந்த ஊதியமே தனியார் துறைக்கு உச்சவரம்பாகிவிடுகிறது.

தனியார் துறையின் நிலையும் உச்சநீதிமன்றத்தின் கவனத்துக்குச் சென்ற ஒன்றுதான். இந்தியப் பயிற்சிபெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், 2016 ஜனவரி 29 அன்று, தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தையும் பணிச்சூழலையும் ஆராய ஒரு குழு அமைக்குமாறு மத்திய அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போதைய மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் ஜகதீஷ் பிரசாத் தலைமையிலான குழு அதே ஆண்டில் பரிந்துரை அளித்தது. 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும். 100 படுக்கைகளுக்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மிகாமல் குறைக்கலாம். 50 முதல் 100 படுக்கைகள் என்றால் 25 சதவீதத்துக்கு மிகாமல் குறைக்கலாம். 50 படுக்கைகளுக்குக் குறைவான இடங்களிலும் ரூ.20,000க்குக் கீழே போகக் கூடாது என்பதே அந்தப் பரிந்துரையின் சாரம். இதை நிறைவேற்றும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது.

அண்டை மாநிலமான கேரளம் இதில் ஓரடி முன்னே சென்றது. 2017இல் நடந்த தொடர் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு, தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்ச ஊதியம் ரூ.20,000 என 2018 ஏப்ரலில் அம்மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டது. எல்லா மருத்துவமனைகளும் அதை முழுமையாகக் கடைப்பிடிக்கின்றன என்று கூற முடியாது. ஆனாலும், குறைவாகத் தருபவரைக் கேள்வி கேட்பதற்குச் செவிலியரின் கையில் ஒரு சட்ட ஆவணம் இருக்கிறது. குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும் அதே அதிகாரம் தமிழக அரசுக்கும் உண்டு. 2016இல் சொல்லப்பட்ட இருபதாயிரம் ரூபாயின் மதிப்பு, விலைவாசி உயர்வில் பெரிதும் தேய்ந்துவிட்டது. அந்தத் தொகையையே எட்டாத நிலையில் இன்றும் பலர் பணிபுரிகிறார்கள் என்பதுதான் வேதனை.

ஊதியம் உயராததற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, தகுதி பெறாதவர்களுடனான போட்டி. சில மாதச் சான்றிதழ்ப் பயிற்சி பெற்றவர்களையும், பயிற்சியே இல்லாதவர்களையும் செவிலியரைப் போன்ற சீருடையில் பணியமர்த்துவது சிறு மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. நோயாளிக்கு வேறுபாடு தெரிவதில்லை. எட்டாயிரம் ரூபாய்க்கு ஓர் உதவியாளர் கிடைக்கும்போது, பட்டம் பெற்றவருக்கு இருபதாயிரம் எதற்கு என்று நிர்வாகம் கணக்குப் போடுகிறது.

இரண்டாவது, பேரம் பேசும் வலிமையின்மை. இரண்டு அனுபவ ஆண்டுகள் இல்லாமல் வளைகுடா நாடுகளில் நல்ல வேலை கிடைப்பது கடினம். அந்த அனுபவச் சான்றுக்காகவே குறைந்த ஊதியத்தை இளம் செவிலியர்கள் ஏற்கிறார்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதும், இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று பிணைமுறி எழுதி வாங்குவதும் இந்தத் தொழிலில் அறியாத செய்திகள் அல்ல.

மூன்றாவது காரணம் நம் மனதில் இருக்கிறது. நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பதும், உடல் துடைத்துவிடுவதும், உணவூட்டுவதும் வீட்டில் பெண்கள் ஊதியமின்றிச் செய்யும் வேலைகள். எனவே அவற்றுக்கு எதற்குப் பெரிய ஊதியம் என்ற எண்ணம் ஆழப் பதிந்துள்ளது. செயற்கை சுவாசக் கருவியின் அளவீடுகளைக் கண்காணிப்பதும், மருந்தின் அளவைக் கணக்கிட்டு ஏற்றுவதும், நள்ளிரவில் நோயாளியின் ரத்த அழுத்தம் சரிவதை மருத்துவருக்கு முன்பே உணர்வதும் அதே செவிலியர்தான் என்பதை மறந்துவிடுகிறோம். 'சேவை' என்று போற்றும் சொல்லே, கூலி கேட்பவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்கும் சொல்லாகவும் மாறிவிட்டது.

'ஊதியத்தை உயர்த்தினால் சிறு மருத்துவமனைகளை மூட வேண்டியதுதான். இல்லையென்றால் சுமை நோயாளியின் தலையில் விழும்' என்பது எதிர்த்தரப்பின் வாதம். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 30 படுக்கை கொண்ட ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். ஆறு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்றால், ஒரு முறைப்பணிக்கு ஐந்து பேர்; மூன்று முறைப்பணிக்குப் பதினைந்து பேர். விடுப்புகளுக்காக 30 சதவீதம் சேர்த்தால் சுமார் 20 பேர். ஒவ்வொருவருக்கும் ரூ.12,000 தருவதற்குப் பதிலாக ரூ.20,000 தந்தால், மாதச் செலவு ரூ.1,60,000 கூடும். எல்லாப் படுக்கைகளும் நிரம்பியிருந்தால், அது ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்குச் சுமார் ரூ.180. எழுபது சதவீதப் படுக்கைகளே நிரம்பியிருந்தாலும் சுமார் ரூ.255.

மருத்துவமனை ரசீதில் மருந்து, பரிசோதனை, அறை வாடகை ஆகியவற்றின் தொகைகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பல ரசீதுகளில் 'நர்சிங் சார்ஜ்' என்று நாள் கணக்கில் ஏற்கெனவே ஒரு தொகை வசூலிக்கப்படுகிறது. அதில் எவ்வளவு செவிலியரின் கைக்குப் போகிறது என்று எந்த ரசீதும் சொல்வதில்லை. கிராமப்புறத்தில் பத்துப் படுக்கையுடன் குறைந்த கட்டணத்தில் இயங்கும் மருத்துவமனைக்கு இந்தச் சுமை உண்மையில் கடினமாக இருக்கலாம். அத்தகைய இடங்களுக்கு அரசு உதவி குறித்து ஆலோசிக்கலாம். ஆனால், அவற்றை முன்னிறுத்திப் பெரிய மருத்துவமனைகள் தப்பித்துக்கொள்ள அனுமதிக்கக் கூடாது.

குறைந்த ஊதியத்தால் நோயாளிக்குச் செலவு மிச்சமாகிறது என்பதும் முழு உண்மையல்ல. ஊதியம் குறைந்த இடத்தில் செவிலியர்கள் நிலைப்பதில்லை. நிலைக்காத இடத்தில் எண்ணிக்கை குறைகிறது. இருப்பவர்கள் கூடுதல் நோயாளிகளைச் சுமக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் நடத்திய ஓர் ஆய்வை லிண்டா ஐகன் தலைமையிலான குழு 2002இல் வெளியிட்டது. ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடும்போது, அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாக அந்த ஆய்வு கண்டறிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று இந்திய செவிலியர் மன்றம் அளவுகோல் வகுத்திருப்பது அலங்காரத்துக்காக அல்ல. செவிலியர் ஊதியத்தில் மிச்சம் பிடிக்கும் பணத்துக்கான விலையை யாரோ ஒரு நோயாளி படுக்கையில் தருகிறார்.

இந்நிலையில், வெளிநாடுதான் தீர்வு என்று பலர் முடிவு செய்வதில் வியப்பில்லை. உலகில் 58 லட்சம் செவிலியர்களுக்குப் பற்றாக்குறை இருப்பதாக 2025இல் வெளியான உலக சுகாதார நிறுவன அறிக்கை கூறுகிறது. பணக்கார நாடுகள் அந்தப் பற்றாக்குறையை நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து நிரப்பிக்கொள்கின்றன. செவிலியர்கள் செல்வதற்கு வழிசெய்யும் ஒப்பந்தத்தில் இந்தியாவும் பிரிட்டனும் 2022இல் கையெழுத்திட்டன.

வெளிநாட்டு ஊதியத்தால் தலைநிமிர்ந்த குடும்பங்கள் ஏராளம். ஆனால், அந்த வழியில் முள்ளும் உண்டு. 2014இல் இராக்கின் திக்ரித் நகரைப் பயங்கரவாதிகள் கைப்பற்றியபோது, பெரும்பாலும் கேரளத்தைச் சேர்ந்த 46 இந்தியச் செவிலியர்கள் அங்கே சிக்கிக்கொண்டார்கள். குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் அவர்களில் சிலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள். படிப்புக்கும் பயணத்துக்கும் வாங்கிய கடனை எப்படி அடைப்பது என்ற அச்சமே காரணம். அதற்கு அடுத்த ஆண்டு, குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் பணியை மத்திய அரசு, அரசு சார்ந்த முகமைகளிடம் ஒப்படைத்தது. தமிழகத்தில் 1978 முதல் இயங்கிவரும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கும்போது, இடைத்தரகர்களை நாட வேண்டிய தேவை இல்லை.

கடன் என்பது எவ்வளவு கனமானது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நான்கு ஆண்டுப் படிப்புக்கு ரூ.4 லட்சம் கல்விக் கடன் வாங்கி, 10 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை சுமார் ரூ.6,640. பன்னிரண்டாயிரம் ரூபாய் வாங்குபவருக்கு இது பாதி ஊதியத்துக்கும் மேல். அரசுக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் படித்தவருக்கும் தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் படித்தவருக்கும் ஒரே ஊதியம் கிடைத்தாலும், மிஞ்சும் வாழ்க்கை ஒன்றல்ல.

157 புதிய செவிலியர் கல்லூரிகள் தொடங்கப்படும் என்று 2023-24 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. 1947ஆம் ஆண்டின் செவிலியர் மன்றச் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர் மற்றும் பேறுகாலப் பணி ஆணையச் சட்டமும் அதே 2023இல் நிறைவேறியது. கல்லூரிகள் பெருகுவதும் கல்வித் தரம் உயர்வதும் நல்லவையே. ஆனால், பணிபுரியும் இடத்தில் ஊதியம் உயராமல் கல்லூரிகளை மட்டும் பெருக்குவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

செய்ய வேண்டியவை புதியவை அல்ல. முதலாவதாக, தேர்வு வாரியத்தின் மூலம் முறையாகத் தேர்வான ஒப்பந்தச் செவிலியர்களை நிரந்தரமாக்குவதற்கு அரசு ஆண்டுவாரியான கால அட்டவணையை வெளியிட வேண்டும். அதுவரை காலமுறை ஊதியத்தின் தொடக்க நிலையையாவது தர வேண்டும். இரண்டாவதாக, தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கான குறைந்தபட்ச ஊதியத்தை, படுக்கை எண்ணிக்கையின் அடிப்படையில், இன்றைய விலைவாசிக்கு ஏற்ப நிர்ணயிக்க வேண்டும்.

மூன்றாவதாக, அந்த ஊதியத்தை நடைமுறைப்படுத்தும் கருவிகள் அரசின் கையிலேயே உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் தனியார் மருத்துவமனைகளுக்குப் பொதுப் பணம் செல்கிறது. பதிவு பெற்ற செவிலியர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட ஊதியத்தை வங்கிக் கணக்கில் செலுத்தும் மருத்துவமனைகளுக்கே அத்திட்டத்தில் இடம் என்று விதி வகுக்கலாம். மருத்துவமனைகளுக்கான பதிவைப் புதுப்பிக்கும்போது, பணிபுரியும் செவிலியர்களின் பதிவு எண்களைச் சமர்ப்பிக்கச் சொல்லலாம். உதவியாளர்களுக்கு வேறு நிறச் சீருடையைக் கட்டாயமாக்கலாம். இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை, உறுதி போதும்.

மே மாதத்தில் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு இனி பதில் சொல்லலாம். நிரந்தர அரசுப் பணி கிடைத்தால் செவிலியம் நல்ல ஊதியமும் மதிப்பும் தரும் தொழில்தான். வெளிநாட்டுக்குச் சென்றாலும் அப்படியே. ஆனால், படித்து முடிக்கும் பெரும்பாலோர் முதலில் கால்வைக்கும் வாசல் தனியார் மருத்துவமனையாகவே இருக்கிறது. ஆகவே, சேரும் கல்லூரி செவிலியர் மன்றத்தின் ஏற்புப் பெற்றதா, பயிற்சி பெறுவதற்குப் போதிய படுக்கைகள் கொண்ட மருத்துவமனை அதற்கு உண்டா, மொத்தக் கட்டணம் எவ்வளவு, சான்றிதழ்களைத் திருப்பித் தருவார்களா என்பவற்றை விசாரித்த பிறகே கடன் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். பெரும் கடன் இல்லாமல் படிக்க முடிந்தால் துணிந்து சேரலாம். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதல் சில ஆண்டுகளின் ஊதியம் அதை அடைக்கப் போதாது என்பதை அறிந்து சேர வேண்டும்.

பெற்றோர் இவ்வளவு எச்சரிக்கையாகக் கணக்குப் பார்க்க வேண்டியிருப்பது அவர்களின் குறையல்ல. நோயுற்ற நாளில் நாம் ஒவ்வொருவரும் அழைப்பு மணியை அழுத்திவிட்டு எதிர்பார்த்துக் காத்திருப்பது ஒரு செவிலியரைத்தான். அவர் நாளைய தவணையைப் பற்றிய கவலை இல்லாமல் நம் அருகே வந்து நிற்பதற்குத் தேவையான ஊதியத்தைத் தர இந்தச் சமூகத்தால் முடியும். ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது ரூபாய் என்பது நம்மால் தாங்க முடியாத தொகையல்ல.